ராந்தோனர்

ராந்தோனர் என்பது, நெடுந்தொலைவைத் தன் விருப்பப்படியான வேகத்தில் கால்நடையாகவோ சைக்கிளிலோ கடந்து வருபவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பெண்பாலில் ராந்தோனேஸ் என்பார்கள். அந்தச் செயலுக்கு ராந்தோனே என்று பெயர். பிரான்சில் இன்று பேச்சுவழக்கில் இச்சொல்லைக் கேட்டால் முதலில் மனதில் எழுவது, முதுகுப்பையும் கைத்தடியுமாக நடந்துபோகும் ஆள்தான். பிரான்சுக்கு வெளியே, குறிப்பாக இந்தியாவில், நிலைமை வேறு. இங்கே இச்சொல்லை அறிந்தவர்கள் பெரும்பாலும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டிகள். சென்னையில் இயங்கும் மெட்ராஸ் ராண்டனர்ஸ் என்ற குழுவின் பெயரிலேயே சொல் இருக்கிறது. ஒலிப்பு மட்டும் ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் ‘ராண்டனர்’ என்று ஆகிவிட்டது.

பிரெஞ்சு ஒலிப்பில் முதலில் வருவது தொண்டையில் உரசும் ரகரம். அதையடுத்து மூக்கின் வழியாக வரும் ஆகாரம். இறுதியில் உள்ள ‘அர்’ ஒலி, செயலைச் செய்பவரைக் காட்டும் பிரெஞ்சு விகுதி. அது இலத்தீனிலிருந்து வந்தது. தமிழில் எழுதும்போது அது நம் பலர்பால் விகுதி போலத் தோன்றுவது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலால்தான் சொல் தமிழ் வாக்கியத்தில் உறுத்தாமல் உட்கார்ந்துகொள்கிறது.

சொற்பிறப்பு

இன்றைக்கு அமைதியான, அவசரமில்லாத நடையைக் குறிக்கும் இச்சொல்லின் வேரில் இருப்பது பாய்ச்சல். 12ஆம் நூற்றாண்டுப் பழைய பிரெஞ்சில் ‘ராந்தோன்’ என்றால் வேகம், மூர்க்கம், தடுக்க முடியாத வீச்சு. குதிரைவீரன் எதிரியின்மீது பாய்ந்தான் என்றோ காயத்திலிருந்து இரத்தம் பீறிட்டது என்றோ சொல்ல வேண்டிய இடங்களில் அந்தக் காலக் கதைப்பாடல்கள் இச்சொல்லைப் பயன்படுத்தின. ‘ராந்தோனில்’ போவது என்றால் தலைதெறிக்கப் போவது. இது ‘ராந்திர்’, அதாவது விரைந்தோடு என்ற வினையிலிருந்து பிறந்தது. அவ்வினையின் மூலம் ஃபிராங்கியர் மொழியில் ஓட்டத்தைக் குறித்த ஒரு சொல் என்று அகராதி அறிஞர்கள் கொள்கிறார்கள். எழுத்தில் கிடைக்காத அந்த வடிவத்தை அவர்கள் மீட்டுருவாக்கியே காட்டுகிறார்கள். ஜெர்மன் மொழியில் ஓடுதலைக் குறிக்கும் ‘ரென்னன்’ அதன் உறவு. ஆங்கிலத்தின் ‘ரன்’ அதே குடும்பம்.

பிரெஞ்சு பெரிதும் இலத்தீனின் பிள்ளை. ஆனால் 5ஆம் நூற்றாண்டு முதல் பிரான்சை ஆண்ட ஃபிராங்கியர் பேசியது ஜெர்மானிய மொழி. போர், ஆயுதம், வேட்டை, ஆட்சி தொடர்பான பல சொற்களை அவர்கள் விட்டுச் சென்றார்கள். நாட்டுக்கே ‘பிரான்ஸ்’ என்ற பெயர் அவர்களிடமிருந்து வந்ததுதான். ராந்தோனரும் அந்தச் சீதனத்தில் ஒன்று.

அதே ‘ராந்தோன்’ ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இன்னொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டது. முதலில் அங்கும் அது வேகத்தையும் மூர்க்கத்தையுமே குறித்தது. கட்டின்றிப் பாய்வது இலக்கின்றிப் பாய்வதுதானே என்ற நீட்சியில், 16ஆம் நூற்றாண்டில் ‘குறியில்லாமல்’ என்ற பொருள் ஏறியது. ஈற்றில் இருந்த னகரமும் மகரமாயிற்று. அதுதான் இன்றைய ஆங்கிலச் சொல் ‘ரேண்டம்’. புள்ளியியலில் அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘எழுமாறு’ என்கின்றன. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரையைச் சுற்றி வரும் சைக்கிள்காரரும் யாழ்ப்பாணத்து மாணவர் எடுக்கும் எழுமாற்று மாதிரியும் ஒரே வேரின் இரு கிளைகள் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அகராதி வரலாறு அப்படித்தான் சொல்கிறது.

ஓட்டம் சுற்றாக மாறியது

பாய்ச்சல் எப்படி உலாவாக ஆயிற்று? திருப்பம் வேட்டைக்காட்டில் நிகழ்ந்தது. துரத்தப்படும் மானோ முயலோ நேர்கோட்டில் ஓடுவதில்லை. பழகிய இடத்தை விட்டு அகல மனமில்லாமல், கிளம்பிய புதரையே மையமாக்கி வளைந்து வளைந்து சுற்றும். வேட்டைக்காரர்கள் அந்தச் சுற்றோட்டத்துக்கு ‘ராந்தோனே’ என்று பெயர் வைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் இப்பொருள் நிலைபெற்றுவிட்டது. வேகம் இன்னும் இருந்தது. ஆனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுற்று என்ற எண்ணம் சொல்லுக்குள் புகுந்துவிட்டது. பின்னர் மனிதர்கள் நிற்காமல் செல்லும் நீண்ட சுற்றுக்கும் அதே பெயர் வந்தது. காலப்போக்கில் வேகம் உதிர்ந்து, நீளமும் சுற்றும் மட்டும் மிஞ்சின.

சுற்று என்ற பொருள் எவ்வளவு வலுவானது என்பதை நாட்டார் கதை ஆய்வு காட்டுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று கோத்துக்கொண்டே போகும் சங்கிலிக் கதை வகையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘ராந்தோனேக் கதை’ என்கிறார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும், தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை அந்த வகையைச் சேர்ந்தது. ஈ கன்றிடம் கேட்கும், பிறகு பசுவிடம், பிறகு இடையனிடம். ஒவ்வொருவராகச் சேர்ந்து, சொல்லும் வரி நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். அந்த ஈயையும் ஒரு ராந்தோனர் என்று சொல்லப் பிரெஞ்சு இலக்கணம் இடம் கொடுக்கும்.

சைக்கிளும் சுயேச்சையும்

இச்சொல்லை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தது சைக்கிள். 1891இல் ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழின் பியேர் ஜிஃபார், பாரிஸிலிருந்து பிரெஸ்த் துறைமுகம் வரை சென்று பாரிஸ் திரும்பும் சுமார் 1,200 கி.மீ. போட்டியை நடத்தினார். வென்றவர் ஷார்ல் தெரோன். 1897இல் இத்தாலிய சைக்கிள் ஓட்டிகள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரே பகலில் 230 கி.மீ. ஓட்டி, துணிச்சல்காரர் என்ற பொருளில் ‘ஔடாக்ஸ்’ என்ற பெயரைப் பெற்றார்கள். 1903இல் டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச், மறு ஆண்டில் அந்த ஔடாக்ஸ் முறையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார்.

அந்த முறையில் எல்லாரும் கூட்டமாக, ஒரு தலைவரின் பின்னால், குறித்த வேகத்தில் போக வேண்டும். முந்தவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. அம்முறைப் பயணங்களை நடத்திய பாரிஸின் ஔடாக்ஸ் சங்கத்துக்கும் தெக்ராஞ்சுக்கும் ஒத்துவராமல், 1921இல் சங்கம் தனி வழியில் இறங்கியது. அவரவர் வேகத்தில் அவரவர் ஓட்டலாம், காலக்கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்ற விதியோடு புதிய பயணங்களைத் தொடங்கியது. அப்படி ஓட்டுபவருக்கு அது தேர்ந்துகொண்ட பெயர்தான் ராந்தோனர். ஆக, இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லுக்குள் நுழைந்த புதுப்பொருள் சுயேச்சை. யாருடைய தாளத்துக்கும் கட்டுப்படாமல், தன் கால் சொல்வதைக் கேட்டுப் போகிறவர் என்று பொருள். என் பார்வையில் இதுவே இச்சொல்லின் உயிர். ‘ரேண்டம்’ என்ற ஆங்கிலக் கிளையில் கட்டின்மை குறியின்மையாகச் சரிந்தது. பிரெஞ்சுக் கிளையில் அதே கட்டின்மை சுதந்திரமாக உயர்ந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், ஓட்டி கிளம்பும்போது கையில் ஓர் அட்டை தரப்படும். வழியில் குறித்த இடங்களில் அதில் முத்திரையும் நேரமும் பதிய வேண்டும். டயர் பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். பசித்தால் வழியில் உள்ள கடைதான். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம் கெடு. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசை கிடையாது. இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவரைச் ‘சூப்பர் ராந்தோனர்’ என்பார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ் பயணத்துக்கு அது நுழைவுத் தகுதி. அங்கே கெடு 90 மணி நேரம்; கடைசியாக 2023இல் நடந்தது. இந்தியாவில் இப்பயணங்களை ஒருங்கிணைப்பது ஔடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ்.

நடப்பவர்களின் பக்கம் கதை சற்றுப் பிந்தியது. 1947இல் பிரான்சில் நெடுநடைப் பாதைகளுக்கான தேசியக் குழு அமைந்தது. பாறையிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்புப் பட்டைகளால் வழியைக் காட்டும் பாதைகளை அது உருவாக்கியது. கோர்சிகா தீவின் மலைத்தொடரில் சுமார் 180 கி.மீ. செல்லும் ஜி.ஆர். 20 அவற்றில் பெயர்பெற்றது. 1978இல் அக்குழு நடைக் கூட்டமைப்பாக மாறியது. இந்தப் பாதைகள் மலையில் மட்டும் இல்லை. கடற்கரையிலும் வயல்வெளியிலும் ஆற்றோரத்திலும் செல்கின்றன. தமிழில் இச்சொல்லைப் பெயர்க்கும்போது மறந்துவிடக் கூடாத செய்தி இது.

அனுப்பம்பட்டும் ஏரிக்கரையும்

இச்சொல் நம் பக்கத்தில் எங்கே பொருந்துகிறது என்று இனிப் பார்ப்போம். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள நிறுத்தம் அனுப்பம்பட்டு. பழவேற்காடு ஏரியின் மீனவக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் இதைக் கடந்து பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிப்பார்கள். அங்கிருந்து ஏரிக்கரை சுமார் 20 கி.மீ. சென்னையிலிருந்து சைக்கிளில் வருபவர்களுக்கு இது பழகிய வழி. ஆனால் நகரத்திலிருந்து பழவேற்காடு போய்த் திரும்பினாலும் 200 கி.மீ. வராது, அட்டையும் முத்திரையும் இதற்குக் கிடைக்காது. இருந்தாலும், காலையில் கிளம்பி, கரையில் நின்று, பகலுக்குள் வீடு திரும்பும் இந்தச் சுற்றுதான் ராந்தோனே என்ற சொல்லின் வேட்டைக்காலப் பொருளுக்கு மிக நெருக்கமானது.

தமிழ்நாட்டில் பிரெஞ்சு என்றால் புதுச்சேரி நினைவுக்கு வரும். 1674 முதல் 1954 வரை ஏறத்தாழ 280 ஆண்டுகள் பிரெஞ்சுத் தொடர்பு இருந்த ஊர் அது. பிரெஞ்சுப் படையில் இருந்தவரைச் ‘சொல்தா’ என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். ஆனால் ராந்தோனர் அந்த வழியில் வரவில்லை. விருப்பத்துக்காக நெடுந்தூரம் சுற்றும் வழக்கம் பரவிய பிறகு, சைக்கிள் சங்கங்களின் விதிப்புத்தகங்கள் வழியாகவே இங்கு வந்து சேர்ந்தது.

பழவேற்காட்டுக்கு உரிமை கொண்டாட வேண்டிய சொல் வேறொன்று. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் இறுதியாக ஒப்படைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் மொழியில் ‘ட்ரெக்கன்’ என்றால் இழுத்தல். ஹாலந்தின் கால்வாய்களில் கரையோரம் குதிரை நடந்து இழுத்துச் சென்ற பயணப் படகுக்கு ‘ட்ரெக்ஸ்கௌட்’ என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினர், மாட்டுவண்டி இழுத்துச் செல்லும் நெடும்பயணத்துக்கு அதே வேரிலிருந்து ‘ட்ரெக்’ என்ற சொல்லை வழங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. இன்று நம் இளைஞர்கள் சொல்லும் ‘ட்ரெக்கிங்’ அதுதான்.

அச்சொல் டச்சுக் கோட்டையிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்ததென்று எவரும் எண்ண வேண்டாம். ஆனால் அது குறித்த செயலை இந்தக் கரை நன்றாக அறியும். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கி, பின்னர் பழவேற்காடு ஏரிக்கும் அதற்கு அப்பாலும் நீண்ட பக்கிங்காம் கால்வாயில், விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகளைக் காற்று இல்லாதபோது ஆட்கள் கயிறு கட்டிக் கரையில் நடந்து இழுத்தார்கள். கயிறு மார்பில் அழுந்த, உடல் முன்னே சாய, கால் சேற்றில் பதிய அவர்கள் நடந்தது டச்சு வேர்ச்சொல் சொல்லும் இழுவையேதான்.

இன்றும் ஏரியில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் பெரும்பகுதியில் இடுப்பளவுக்கு மேல் இல்லை. இருளர் பெண்கள் ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, நீரில் தாழ்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவியபடி நகர்வார்கள். விரலில் இறால் தட்டியதும் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். அடுத்த தடவல், அடுத்த அடி. மணிக்கணக்கில் இப்படி ஏரியில் அவர்கள் கடக்கும் தூரம் எந்த அட்டையிலும் பதிவதில்லை. குப்பங்களிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுபோகும் பெண்களின் நடையை ஊர் வழக்கில் ‘ஓட்டமும் நடையுமாக’ என்பார்கள். மீன் கெடுவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும். ‘ராந்தோன்’ என்ற பழைய சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்த் தொடர் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் இவர்களை ராந்தோனர் என்று எழுதுவது தவறு. பிழைப்புக்காக நடப்பவரை அச்சொல் குறிக்காது. நடக்காமலும் இருக்கலாம் என்ற நிலையில் இருந்துகொண்டு நடப்பவரையே குறிக்கும். சொல்லின் எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்வது அந்தப் பெண்களின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

தமிழில் இணைச்சொற்கள்

நடப்பவரைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. சங்கப் பாலைப் பாடல்களில் சுரத்தைக் கடக்கும் புதியவர்கள் ‘வம்பலர்’. பயணத்துக்கே ‘செலவு’ என்று பெயர். தலைவன் போகாமல் தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று அக இலக்கணம் பேசுகிறது. ஆள் போவதைக் குறித்த அந்தச் சொல் இன்று கையிலிருந்து பணம் போவதைக் குறிக்கிறது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே வழிகாட்டும் நூல்தான். அதில் ஆறு என்றால் பாதை. பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படை, பாணனைக் கடலோர எயிற்பட்டினம் வழியாக நல்லியக்கோடனிடம் அனுப்புகிறது. கடற்கரை நடைக்கு அவ்வளவு பழைய வழிநூல் நம்மிடம் இருக்கிறது.

வடமொழியிலிருந்து வந்த பாதசாரிக்கும், பிரெஞ்சில் சாலையில் நடப்பவரைக் குறிக்கும் ‘பியெதோன்’ என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. இரண்டிலும் இருப்பது பாதம். பரதேசியின் கதை இன்னும் சுவையானது. அயல்தேசத்தான் என்று பொருள்பட்ட அச்சொல் தமிழில் பிச்சைக்காரனாகி, பிறகு வசைச்சொல்லாயிற்று. இலத்தீனில் அதே பொருளில் இருந்த ‘பெரெக்ரினுஸ்’ பிரெஞ்சில் ‘பெலரேன்’ ஆகி, புனிதப் பயணியாக உயர்ந்தது. ஒரே இடத்தில் புறப்பட்ட இரு சொற்களில் ஒன்று தெருவுக்கும் மற்றொன்று கோயிலுக்கும் போய்ச் சேர்ந்தன.

இக்கால வழக்கில் சிக்கல் வேறு வகையானது. நம்மிடம் நடையைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு காரணத்தைச் சுமந்துகொண்டே வருகிறது. பாதயாத்திரை என்றால் பழநிக்கோ வேளாங்கண்ணிக்கோ வேண்டுதல். நடைபயணம் என்றால் கட்சிக் கொடி. நடைப்பயிற்சி என்றால் மருத்துவர் சொன்னது. பொடிநடை என்றால் தெருமுனை வரை. மலையேற்றம் என்றால் மலை வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை நாளிதழ்கள் மலையேற்றத் திட்டம் என்றே எழுதின. திருவள்ளூர் மாவட்டத்தில் அது கொண்டுபோவது, பழைய கற்காலத் தடயங்களுக்குப் பெயர்பெற்ற குடியம் குகைக்கு. அதே மாவட்டத்துப் பழவேற்காட்டில், மார்கழிப் பனியில் பூநாரைகளைப் பார்க்கக் கரைமணலில் பத்துக் கிலோமீட்டர் நடப்பவரை மலையேறுபவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? அங்கே ஏறுவதற்கு ஒரு குன்றுகூட இல்லை.

காரணம் ஏதும் இல்லாமல், போக வேண்டும் என்பதற்காகவே நெடுந்தூரம் போய்த் திரும்புபவருக்குத் தமிழில் உள்ள ஒரே உயிருள்ள சொல் ‘ஊர்சுற்றி’. ராந்தோனேயின் வேட்டைக்காலப் பொருளான சுற்று அதில் இருக்கிறது. 1921இல் சேர்ந்த சுயேச்சையும் இருக்கிறது. நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. குறை ஒன்றே: வீட்டில் அது திட்டாக வழங்குகிறது. இந்தி எழுத்தாளர் ராகுல் சாங்கிருத்யாயனின் பயண நூல் தமிழில் ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்ற பெயரில் வந்து அந்தக் கறையை ஓரளவு துடைத்தது. மூர்க்கத்தைக் குறித்த சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் வழக்கத்தாலேயே இனியதாக்கிக்கொண்டபோது, சோம்பேறியைக் குறிப்பதாக நாம் ஒதுக்கிய சொல்லை மீட்டெடுப்பது பெரிய காரியமல்ல.

ஆகவே, பயண அட்டையில் முத்திரை பெறும் சைக்கிள் ஓட்டியை, அது ஒரு சங்கத்தின் கலைச்சொல் என்பதால், ராந்தோனர் என்றே எழுதலாம். பொதுப்பொருளில் வரும் இடங்களிலெல்லாம் ஊர்சுற்றி என்று பெயர்ப்பதே சரி; மலையேறுபவர் என்பது பிழை. அகராதி தொகுப்பவர்கள் இனி வரும் பதிப்புகளில் ‘ஊர்சுற்றி’ என்ற பதிவில் ‘வேலையற்றவன்’ என்பதை இரண்டாம் பொருளாக இறக்கி, ‘விருப்பத்துக்காக நெடுந்தூரம் சுற்றி வருபவர்’ என்பதை முதற்பொருளாக ஏற்ற வேண்டும்.